நாளுக்கு ஒரு படகு

துறைமுக அலுவலகத்தின் மாடியில் இருந்த இயந்திரத்துக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் பீரோ. உயரம், அகலம், சாம்பல் நிறம், கதவைத் திறந்தால் வரும் முனகல், எல்லாவற்றிலும் அது பீரோவேதான். துறையை விட்டுப் போன படகு, திரும்பி வந்த படகு அத்தனையும் அதன் வயிற்றுக்குள் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்பவள் ஆபரேட்டரம்மா. பதினாறு வருஷப் பழக்கம். அது எப்போது மூச்சு வாங்கும், எப்போது முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் புருஷனைப் பற்றித் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும் என்று கேலி பேசுவார்கள். அதைக் கேட்டு அந்தப் புருஷனும் சேர்ந்து சிரித்த காலம் உண்டு. பதினோரு மாதமாக அவர் எதற்கும் சிரிப்பதில்லை.

அவர் கீழே படகுத்துறை ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர். ஜன்னல்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கடலுக்குப் போகிற ஒவ்வொருவரும் அவர் ஜன்னலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவர் தம் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் அடிப்பார். ஒரு படகுக்கு ஒரு வரி: படகு எண், ஓட்டுபவர் பெயர், எத்தனை பேர், கிளம்பிய நேரம், திரும்புவதாகச் சொன்ன நேரம். ஈரக் கைகளோடு வந்து ஜன்னல் கம்பிக்குள் தலையை நுழைப்பவர்கள் சொட்டும் தண்ணீருக்குப் பயந்து கீபோர்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். உப்புக் காற்றில் அந்த உறை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வெடித்துப்போகும்.

பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் மூடும். அதற்கு மேல் எந்தப் படகும் போகக்கூடாது. அன்றைய வரிகள் அடங்கிய கோப்பை ஒரு பிளாப்பியில் எடுத்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு, மாடிக்குக் கொண்டுவந்து கொடுப்பார். ஆபரேட்டரம்மா அதைத் தன் மேஜை கம்ப்யூட்டர் வழியாகப் பீரோவுக்கு ஏற்றுவாள். பிற்பகலில் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும்போது காவல் அறையிலிருந்து போன் வரும். அவள் எண்ணை நேரே பீரோவில் தட்டுவாள். சாயங்காலம் ஐந்தரைக்குப் பீரோ போனதையும் வந்ததையும் பொருத்திப் பார்த்து, திரும்பாத படகுகளின் பட்டியலை அடித்துத் தரும். பெரும்பாலும் அதில் ஒன்றும் இருக்காது. இருந்தால் அந்தத் தாளை அவளே கையோடு காவல் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே இருப்பவர் சைரனை அமுக்கிவிட்டுத் தேடும் படகை எடுப்பார். அவருக்குச் சைரன்காரர் என்று பெயர்.

இப்போது வந்திருப்பது வேறு வேலை. ஜன்னலில் இருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போடப் போகிறார்கள். அதற்குள் நாள்வாரியாகக் கிடக்கும் கோப்புகளையும் பீரோவில் இருப்பதையும் ஒத்துப் பார்த்து, விட்டுப்போனது இருந்தால் ஏற்றிவிட்டு, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். மேலாளர் நாலு நாள் கொடுத்திருந்தார். கடிகாரம் தவறினாலும் அவர் தவறாமல் எட்டரைக்கு வந்து நிற்பார் என்பதால் எட்டரை என்றே அவருக்குப் பெயர்.

மூன்றாம் நாள் காலை. வெளியே பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடி வரைக்கும் வந்து நின்றது. படகுகள் தெரியவில்லை, அவை முட்டிக்கொள்ளும் சத்தம் மட்டும் வந்தது. ஆபரேட்டரம்மா ஒரு தேதியை எடுப்பாள், கீழிருந்து பிளாப்பியில் எடுத்துவந்த கோப்பில் எத்தனை வரி என்று பார்ப்பாள், பீரோவில் எத்தனை படகு என்று கேட்பாள், நோட்டில் சரிக்குறி போடுவாள். இரண்டு நாளாக எல்லாம் சரியாகவே வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு தேதியில் கோப்பில் நாற்பத்தொன்று, பீரோவில் நாற்பது. ஏதோ பிசகு என்று மறுநாளை எடுத்தாள். முப்பத்தெட்டு, முப்பத்தேழு. அதற்கு மறுநாள் நாற்பத்து நாலு, நாற்பத்து மூன்று.

அவள் டீயைக் குடிக்க மறந்தாள். நாளுக்கு ஒரு படகு. கூடவும் இல்லை, இரண்டாகவும் இல்லை. யாரோ தினமும் வந்து ஒரே ஒரு படகை மட்டும் எடுத்துக்கொண்டு போனதுபோல அறுபத்து மூன்று நாள். அதற்குப் பிறகு மறுபடி எல்லாம் சரியாக இருந்தது.

சரியான அந்த முதல் தேதியை அவள் பார்த்தாள். ஜன்னலில் புதுப் பெண் வந்து உட்கார்ந்த தேதி. அதாவது அவள் புருஷனை அங்கிருந்து எழுப்பிக் கயிற்றுக் கிடங்குக்கு அனுப்பிய மறுநாள். இவர் தினமும் ஒரு படகை அழித்துக்கொண்டா இருந்தார் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படி நினைத்ததற்காகப் பின்னால் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிறகு குறையத் தொடங்கிய தேதியைப் பார்த்தாள். அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. துறையில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் நாள் அது. பூஜ்யம் எண் படகு காணாமல் போன நாள்.

அன்று பட்டியலில் ஒரு படகு வந்தது. எண் இல்லை, பெயர் இல்லை, ஆள் இல்லை. ஆனால் திரும்பவில்லை. சட்டப்படி தாள் வந்தால் போயே ஆக வேண்டும். சைரன்காரர் கொட்டுகிற மழையில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து, மாடி ஏறி, அவள் மேஜை முன்னால் நின்று சொட்டச் சொட்ட நியாயம் கேட்டார். "இல்லாத படகை எந்தத் திசையில தேடணும்னு நீங்களே சொல்லுங்கம்மா, நாளைக்கு அந்தப் பக்கம் போறேன்" என்றார். அவள் கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஜன்னல்காரர் கடைசிப் படகை அடித்துவிட்டு என்டரை இரண்டு தடவை தட்டியிருக்கிறார். இரண்டாவது தட்டலில் ஒரு வெற்று வரி விழுந்திருக்கிறது. பீரோ அதையும் ஒரு படகு என்று எடுத்துக்கொண்டது.

வீட்டுக்குப் போய் அவள் கத்திய கத்தல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "மனுஷன் மானம் போகுது. இனிமே கடைசிப் படகை அடிச்சு முடிச்சதும் கையை எடுத்துருங்க. என்டரே தட்டாதீங்க. அப்படியே விட்டுட்டு வந்துருங்க." அவர் தலையாட்டினார். அவர் ஒன்றைச் சரி என்றால் அது சரிதான். மறுநாளிலிருந்து ஒரு நாள்கூட அவர் கடைசி வரிக்கு என்டர் தட்டவில்லை.

என்டர் தட்டாத வரி முடியாத வரி. ஏற்றுகிற புரோகிராம் அதைப் பாதி என்று நினைத்து எடுக்காமல் போய்விட்டது. அவளுக்கு இது தெரியாத விஷயமா என்றால், தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். ஏற்றிய பிறகு எண்ணிக்கையை ஒத்துப்பார்க்க வேண்டும் என்பதும் விதி. முதல் ஐந்தாறு வருஷம் பார்த்தாள். ஒரு நாளும் பிசகாத ஒன்றை யார் தினமும் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் கடைசிப் படகுகள் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தன. போனதாகப் பதியாத படகு வந்ததாகத் தட்டினால் பீரோ ஒன்றும் கேட்காது. வராத படகைத்தான் கேட்கும்.

அறுபத்து மூன்றில் ஒரு தேதியை அவள் கடைசியாக வைத்திருந்தாள். பார்க்காமல் இருக்க முடியுமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு திறந்தாள். அன்றைக்கும் இதேபோலப் பனிமூட்டம். நாற்பத்திரண்டு வரி. கடைசி வரியில் நூற்றுப் பதினேழாம் எண், அவள் கூடப் பிறந்த தம்பியின் பெயர், ஆள் ஒன்று, கிளம்பியது பதினொன்று நாற்பது, திரும்புவது நாலரை. அதன் முடிவில் கர்சர் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

தம்பி போன கதை இதுதான். காலையில் அவனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. சாயங்காலம் அவன் வீட்டுக்கு வராததால் அக்கா வீட்டில் போய் முறுக்கிக்கொண்டு படுத்திருக்கிறான் என்று பெண்டாட்டி நினைத்தாள். அவன் வீட்டில் இருக்கிறான் என்று அக்கா நினைத்தாள். ஐந்தரைப் பட்டியல் காலியாக வந்தது. ராத்திரி காற்று அடித்தது. மறுநாள் மத்தியானம்தான் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கேட்டார்கள். தேடினார்கள், ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. விசாரணையில் பீரோவைக் கேட்டார்கள். அப்படி ஒரு படகு அன்றைக்குப் போகவே இல்லை என்று அது சொன்னது. கீழே ஜன்னல் கம்ப்யூட்டரையும் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சொல்லாமல் போனவன், வேண்டுமென்றே போனவன் என்று எழுதி முடித்தார்கள். அக்கரையில் யாரோ ஒருத்தி இருப்பதாகவும் நாலு பேர் பேசினார்கள். ஊர் வாய்க்குக் கேட்கவா வேண்டும்.

ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வந்தான். என் ஜன்னல்ல நின்னான்" என்றார் ஜன்னல்காரர். அது முந்தின நாளாக இருக்கும் என்றார்கள். பீரோவில் இல்லையே என்றார்கள். பெண்டாட்டியும் அதையே சொன்னாள், நான் கையால் ஏற்றினேன், இல்லைங்க என்று. எல்லோரும் சேர்ந்து சொன்னால் மனுஷன் என்ன செய்வான்? அப்படியானால் அன்றைக்கு வந்து நின்றது அவன் இல்லை, வேறு எதுவோ என்று அவர் முடிவுக்கு வந்தார். அதன் பிறகு எந்த ஜன்னலைப் பார்த்தாலும் அதில் அது நின்றது. வீட்டு ஜன்னலுக்குப் போர்வை மாட்டினார்கள். டாக்டர் இரண்டு வேளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எட்டரை அவள் நோட்டை எட்டிப்பார்த்தார். "என்னம்மா, அறுபத்து மூணு இடத்துல சிவப்பு?"

அவள் சொன்னாள். தம்பி வரியைப் பற்றியும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷன் இல்லை.

"வெற்று வரின்னு காரணம் எழுதிக் கையெழுத்தைப் போடும்மா. நாளைக்குப் பொட்டியை எடுத்துட்டுப் போயிருவாங்க. இதுக்கு மேல தெரிஞ்சு யாருக்கு என்ன ஆகப்போகுது? உனக்குத்தான் கஷ்டம்."

"தெரியலை சார். சாப்பிட்டுட்டு வந்து சொல்றேன்."

வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. கயிற்றுக் கிடங்கைத் தாண்டும்போது திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தடவை நின்றாள். கையெழுத்துப் போட்டால் முடிந்தது. புருஷன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, தம்பி பெண்டாட்டி அவனைத் திட்டிக்கொண்டு, தான் சமைத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிடலாம். இருவருக்கும் இவள்தான் ஆதரவு என்று தெருவே சொல்கிறது. அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

உள்ளே தம்பி மனைவி தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். தனியாக இருக்க வேண்டாம் என்று ஆபரேட்டரம்மாதான் கூட்டிவந்து வைத்திருந்தாள். கோணி ஊசியை உள்ளங்கையில் மாட்டிய தோல் பட்டையால் தள்ளித் தள்ளி அவள் தைப்பதைப் பார்த்தால், அந்தத் தார்ப்பாய் யாரோ தெரிந்தவர் முதுகு என்று தோன்றும். அவன் இறந்துவிட்டதாக எழுதி வாங்க ஆபீஸ் ஆள் மூன்று தடவை வந்தான். "ஓடிப்போனவனுக்கு எதுக்குய்யா நான் ஒப்பாரிக் கையெழுத்துப் போடணும்" என்று மூன்று தடவையும் துரத்தினாள்.

ஜன்னல்காரர் போர்வைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கு சூப்பில் ரொட்டியைத் தோய்த்தார்.

"என்ன அண்ணே, இன்னைக்கு வந்தாரா?" என்றாள் சின்னவள்.

"இன்னைக்கு வரல."

"கோவமா இருப்பாரு. சூடா சூப்பு வச்சிருக்கோம், கூப்பிடலைன்னு."

"அன்னைக்கு என்ன சொன்னான் தெரியுமா? மாமா, அவ கோவத்துல இருக்கா, நாலரைக்கெல்லாம் வந்துருவேன், பேக்கரி மூடுறதுக்குள்ள ரெண்டு பன்னு வாங்கிட்டுப் போகணும்னான்."

"நூறு தடவை சொல்லிட்டீங்க. பேய் எங்கயாச்சும் பன்னு வாங்குமா அண்ணே? அவன் அக்கரையில நல்லா கறியும் சோறுமாத் தின்னுட்டு இருப்பான். நீங்க சாப்பிடுங்க."

ஆபரேட்டரம்மா உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க. அன்னைக்கு நீங்க பாத்தது தம்பியத்தான்."

அவர் நிமிர்ந்தார்.

"கோப்புல இருக்கு. நீங்க அடிச்ச வரி. கடைசி வரி. பதினொண்ணு நாப்பதுக்குக் கிளம்பினான்."

"நெசமாவா?"

"நெசமா. இப்பதான் பாத்துட்டு வர்றேன்."

அவர் கையிலிருந்த ரொட்டி சூப்பில் விழுந்தது. முகம் கோணிக்கொண்டு வந்தது, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "அப்ப எனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணுமே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு குழந்தைபோலக் கேட்டார். "மாத்திரையை நிறுத்திறலாமா?"

ஊசி நின்றிருந்தது. சின்னவள் தார்ப்பாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"திரும்பி வர்ற நேரம்னு என்ன போட்டிருக்கு அண்ணி?"

"நாலரை."

"அப்ப பீரோல ஏன் இல்ல?"

ஆபரேட்டரம்மா சொன்னாள். பூஜ்யம் எண் படகைச் சொன்னாள், தான் கத்தியதைச் சொன்னாள், என்டர் தட்டாதீங்க என்றதைச் சொன்னாள், எண்ணிப் பார்க்காததைச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்லத் தன் குரலே யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல அவளுக்குக் கேட்டது.

"பாதி வரின்னு விட்டுட்டுப் போயிருச்சா?"

"ஆமா."

"அது ஏறியிருந்தா?"

"அஞ்சரைக்குத் தாள் வந்திருக்கும். ஆறு மணிக்குள்ள தேடும் படகு போயிருக்கும்."

"காத்து எப்ப எந்திரிச்சுது அண்ணே?"

ஜன்னல்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். "ஏழரைக்கு மேல" என்றார்.

அடுப்பில் சூப் தளதளத்தது. அதை அணைக்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

"ஓடிப்போனவன்னா எங்கயாச்சும் இருப்பான்ல அண்ணி" என்றாள் சின்னவள். "என்னைக்காச்சும் வந்து நிப்பான், வாசல்ல வச்சு நாலு கேள்வி கேக்கணும்னு இருந்தேன். என்னென்ன கேக்கணும்னு தினமும் சேத்து வச்சுக்கிட்டே இருந்தேன். இப்ப அவன் எனக்குப் பன்னு வாங்க வந்தவனாயிட்டான். அவனை நான் என்ன கேக்குறது?"

"என்னைக் கேளு. என்ன வேணும்னாலும் கேளு."

"உங்களை என்னத்தைக் கேக்க? சோறு போட்டீங்க, படுக்க இடம் குடுத்தீங்க. உங்களைக் கேட்டா என் வாய் அழுகிப்போயிரும்." அவள் ஊசியைத் தார்ப்பாயில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். "அந்த வரியை ஏத்துங்க. இப்பவே. நான் பாக்கணும்."

மூவரும் போனார்கள். ஜன்னல்காரர் பதினோரு மாதம் கழித்து அந்தப் படகுத்துறை அறைக்குள் நுழைந்தார். புதுப் பெண் எழுந்து இடம் விட்டாள். ஆபரேட்டரம்மா கோப்பைத் திறந்து, கடைசி வரியின் முடிவில் ஒரு தடவை என்டர் தட்டினாள். சின்ன சத்தம்தான். ஜன்னல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாடியில் எட்டரை எழுந்து நின்றார். "பழைய தேதிக்கு லிஸ்ட் எடுக்குற வழக்கம் இல்லம்மா" என்று தொடங்கியவர், பின்னால் வந்தவளைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டு, தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

ஆபரேட்டரம்மா ஏற்றினாள். பீரோ முனகியது. நாற்பத்திரண்டு என்றது. இந்தத் தடவை அவள் எண்ணினாள், திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு அந்தத் தேதியைக் கொடுத்துப் பட்டியல் கேட்டாள். பிரிண்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கரகரவென்று ஓடி நின்றது. திரும்பாத படகுகள்: ஒன்று. நூற்றுப் பதினேழு. ஆள் ஒன்று. நாலரை.

அவள் தாளைக் கிழிக்குமுன் சின்னவள் கிழித்தாள். இரண்டு தடவை படித்தாள். அவளுக்கு மெதுவாகத்தான் படிக்க வரும்.

"இது வந்தா என்ன பண்ணணும்?"

"காவல் அறைக்குக் கொண்டுபோகணும்."

"சரி" என்று நடந்தாள்.

சைரன்காரர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தார். தாளை மேஜையில் வைத்தாள். அவர் எண்ணைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். பின்னால் நின்ற புருஷனையும் பெண்டாட்டியையும் பார்த்தார்.

"அம்மா, இது போன வருஷத்துத் தாளு."

"ஆமாண்ணே. எங்க வீட்டுல நடந்த தப்பு. லேட்டாத்தான் வந்திருக்கு. தாள் வந்தா போகணும்ல?"

"போகணும்."

"அப்பப் போங்க. நானும் வர்றேன்."

இல்லாத படகைத் தேடப் போக நேர்ந்ததற்காகச் சண்டை போட்ட மனுஷன் அவர். இப்போது முட்டையை அப்படியே வைத்துவிட்டு பூட்ஸை மாட்டினார். பதிவேட்டில் நேரம் எழுதினார். சைரனை அமுக்கலாமா என்று ஒரு நிமிஷம் கையை வைத்திருந்துவிட்டு அமுக்கினார். துறையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். பனி விலகிக் கடல் மந்தமாகக் கிடந்தது.

சைரன்காரர் முதலில் ஏறினார். சின்னவள் ஏறினாள். அவளுக்குக் கை கொடுத்துவிட்டு ஜன்னல்காரரும் ஏறிக்கொண்டார். ஆபரேட்டரம்மா படகின் விளிம்பில் ஒரு காலை வைத்தாள்.

"நீங்க வேண்டாம் அண்ணி" என்றாள் சின்னவள்.

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டில் இன்னொரு கரண்டி வேண்டாம் என்பதுபோலத்தான் சொன்னாள். ஆபரேட்டரம்மா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"யாராச்சும் கரையில நின்னு எங்களை எண்ணணும்ல" என்றாள் சின்னவள். "நாங்க மூணு பேரு. மறந்துராதீங்க."

ஆபரேட்டரம்மா காலை எடுத்தாள். படகு கிளம்பிப் போனது. அவள் மாடிக்குப் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. எட்டரை ஒரு தடவை இறங்கி வந்து டீ வைத்துவிட்டுப் போனார். அது ஆறியது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாக வந்து கட்டிக்கொண்டன, ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வாய் மட்டும் மூணு, மூணு என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் தேடும் படகு வந்தது. சைரன்காரர் இறங்கினார், ஜன்னல்காரர் இறங்கினார், கடைசியாகச் சின்னவள் இறங்கினாள். மூவரும் ஆபரேட்டரம்மாவோடு பேசாமல் தாண்டிப் போனார்கள். அவள் அவர்கள் முதுகைப் பார்த்து எண்ணினாள். மூன்று பேர்தான். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவையும் எண்ணினாள்.